ஹால்ல அஞ்சு ரிமோட், அம்மாவுக்கு ஒன்னு போதும்: எந்த யுனிவர்சல் ரிமோட் வாங்கலாம்?

செந்தூல்வாசி:

வணக்கம் மக்களே, ஒரு உதவி. ஹால்ல இருக்கிற சாமான் எல்லாத்தையும் ஒரே ரிமோட்ல ஓட்டணும், எது வாங்கலாம்னு யாராச்சும் சொல்லுங்க. இருக்கிறது 55 இஞ்ச் ஸ்மார்ட் டிவி, ஒரு ஏவி ரிசீவர் (ஸ்பீக்கருக்கெல்லாம் சத்தத்த பிரிச்சுக் குடுக்குற பெட்டி), அதோட அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும், சேட்டிலைட் டிகோடர், படம் பாக்குறதுக்கு ஸ்ட்ரீமிங் ஸ்டிக், அப்புறம் அப்பா காலத்து டிவிடி பிளேயர், அத தூக்கிப் போட அம்மா விடமாட்டாங்க. பிராண்டு பேரு போடல, போட்டா இங்க அதப் பத்தியே சண்டை போட்டுக்கிட்டு கேள்விய மறந்துடுவீங்க.

எனக்கு ஒன்னும் பிரச்சினை இல்ல, அம்மாவுக்குத்தான். எழுபது தாண்டியாச்சு. சாயங்காலமானா வானவில் சேனல்லயோ விண்மீன் சேனல்லயோ நாடகம் பாக்கணும், அவ்வளவுதான் அவங்க கேக்குறது. ஆனா அதுக்கு டிவிய ஆன் பண்ணி ரிசீவர ஆன் பண்ணி ரிசீவர்ல இன்புட்ட மாத்தி டிகோடர எழுப்பி அதுக்கப்புறம் டிவிலயும் எச்டிஎம்ஐ சரியா இருக்கான்னு பாக்கணும். நான் ஷிஃப்டுல நிக்கும்போது ஃபோன் வரும், "ஐயா படம் வருது சத்தம் வரல", இல்லாட்டி "சத்தம் வருது படத்த காணோம்". ஃபோன்லயே எந்த ரிமோட், எந்த பட்டன்னு சொல்லிக் குடுக்குறது இருக்கே, சூப்பர்வைசர் என்னையே பாத்துக்கிட்டு நிப்பாரு.

பசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) வித்த ஒரு லேர்னிங் ரிமோட், அதாவது வேற ரிமோட்டோட சிக்னல பாத்து கத்துக்கிற ரிமோட், வாங்கி ட்ரை பண்ணிட்டேன். மூணு கோளாறு. ஒரே பட்டன்ல எல்லாத்தையும் ஆன் பண்ற மாதிரி மேக்ரோ வச்சேன், சில நாள் சரியா வருது, சில நாள் டிவி ஆன் ஆகும்போது ரிசீவர் ஆஃப் ஆகுது. அடுத்தது, டிகோடர்ல சேனல் நம்பர் அடிக்கும்போது ஒரே நம்பர் அடுத்தடுத்து வந்தா ரெண்டாவது எடுக்கவே மாட்டேங்குது, 211 அடிச்சா 21னுதான் வருது. ஸ்டிக்கோட ரிமோட்ட சுத்தமா கத்துக்கவே இல்ல. ரிமோட் மட்டமானதுனால இப்படியா, இல்ல காசு கூடப் போட்டு நல்லதா வாங்குனா சரியாகுமா? 300 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் போடலாம்.

குளுகோர்_சவுண்டு:

பாஸ், காசு போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். நீங்க சொல்ற முதல் கோளாறு 20 வெள்ளி ரிமோட்லயும் வரும், 1000 வெள்ளி ரிமோட்லயும் வரும். ரிமோட் கண்ணு தெரியாத ஆளு. அது சிக்னல அனுப்பும், அந்தப் பக்கம் டிவி ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு அதுக்கு தெரியவே தெரியாது. ஐஆர்ல, அதாவது ரிமோட் அனுப்புற கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்துல, பதில் வர்ற வழியே இல்ல, ஒன் வே தான். பவர் பட்டன் பெரும்பாலும் டாகிள், ஆன்ல இருந்தா ஆஃப் ஆகும், ஆஃப்ல இருந்தா ஆன் ஆகும். அம்மா டிவிய மட்டும் அணைச்சுட்டு படுக்கப் போயிருப்பாங்க, ரிசீவர் ராத்திரி பூரா ஆன்லயே இருந்திருக்கும், மறுநாள் உங்க மேக்ரோ ரெண்டுக்கும் பவர் அடிக்கும், டிவி எழுந்திரிக்கும் ரிசீவர் படுத்துக்கும். உங்களுக்கு நடக்குறது இதுதான்.

இதுக்கு மருந்து டிஸ்கிரீட் கோடு. ஆன் பண்றதுக்குன்னு ஒரு கோடு, ஆஃப் பண்றதுக்குன்னு வேற ஒரு கோடு. ஆன் கோட எத்தன தடவ அனுப்புனாலும் ஆன்லயே நிக்கும். நிறைய டிவிலயும் ரிசீவர்லயும் இது உள்ளுக்குள்ள இருக்கு, ஆனா கூட வர்ற ரிமோட்ல அதுக்கு பட்டன் இருக்காது, பட்டன் இல்லாததுனால லேர்னிங் ரிமோட்டுக்கு கத்துக் குடுக்கவும் முடியாது. அதனாலதான் கோடு லைப்ரரி உள்ளேயே இருக்கிற ரிமோட் தேவைப்படுது. இன்புட்டுக்கும் இதே கதை. "சோர்ஸ்" பட்டன ரெண்டு தடவ அழுத்துனா எச்டிஎம்ஐ 2ன்னு மேக்ரோ வச்சா நேத்து எங்க விட்டீங்களோ அத பொறுத்து எங்கேயாச்சும் போய் நிக்கும், நேரா எச்டிஎம்ஐ 2ன்னு அடிக்கிற கோடு இருந்தாதான் நம்பலாம்.

ஆனா நான் உங்க எடத்துல இருந்தா ரிமோட்ல கைய வைக்கறதுக்கு முன்னாடி வயரத்தான் மாத்துவேன். இப்ப எல்லா சாமானும் ரிசீவர்ல சொருகி, ரிசீவர்லேருந்து ஒரு வயர் டிவிக்கு போகுது, சரியா? அத உல்டா பண்ணுங்க. டிகோடர், ஸ்டிக், டிவிடி எல்லாத்தையும் டிவிலயே சொருகுங்க. டிவில ஏஆர்சின்னு எழுதியிருக்கிற எச்டிஎம்ஐ ஓட்டை ஒன்னு இருக்கும், அதுலேருந்து ஒரு கேபிள் ரிசீவரோட எச்டிஎம்ஐ அவுட்டுக்கு. ஏஆர்சி 2009ல எச்டிஎம்ஐ 1.4ஓட வந்தது, அதுக்கப்புறம் வந்த ரிசீவர்னா அனேகமா இருக்கும், பின்னாடி அவுட் ஓட்டைக்கு பக்கத்துல பாருங்க. இப்ப சத்தம் டிவிலேருந்து ரிசீவருக்கு அந்த ஒரே கேபிள்லயே திரும்பி வரும். ரிசீவர் இன்புட்ட இனி யாரும் தொடவே வேணாம், எப்பவும் டிவி சத்தம்தான். இன்புட் மாத்துற வேல ஒரே எடத்துல, டிவில.

அப்புறம் டிவியிலயும் ரிசீவர்லயும் சிஇசிய, அதாவது எச்டிஎம்ஐ கேபிள் வழியாவே சாமான் ஒன்னையொன்னு கண்ட்ரோல் பண்ற வசதிய, ஆன் பண்ணுங்க. மெனுவுல சிஇசின்னு தேடுனா கிடைக்காது, ஒவ்வொருத்தன் ஒவ்வொரு பேரு வச்சிருக்கான்: சாம்சங்ல எனிநெட் பிளஸ், எல்ஜில சிம்ப்ளிங்க், சோனில பிராவியா சிங்க், பானாசோனிக்ல வியரா லிங்க், பிலிப்ஸ்ல ஈசிலிங்க். ரிசீவர்ல "எச்டிஎம்ஐ கண்ட்ரோல்"னு இருக்கும். இது ஐஆர் மாதிரி இல்ல, கேபிளோட 13வது பின்ல ரெண்டு பக்கமும் பேசிக்கும், டிவி எழுந்தா ரிசீவரும் எழும், டிவி படுத்தா அதுவும் படுக்கும், டிவி ரிமோட்ல வால்யூம் அழுத்துனா ரிசீவர்ல ஏறும். இது ஒழுங்கா வேல செஞ்சா யுனிவர்சல் ரிமோட்டே வேணாம்லா, டிவி ரிமோட்டும் டிகோடர் ரிமோட்டும் போதும்.

ஒரே ஒரு குறை. சாதா ஏஆர்சில டால்பி டிஜிட்டல் 5.1 வரைக்கும் போகும், புளூரேல வர்ற அமுக்காத சத்தமெல்லாம் போகாது, அதுக்கு ஏஆர்சியோட புது வடிவமான இஏஆர்சி வேணும், ரெண்டு பக்கமும். அம்மா பாக்குற நாடகத்துக்கு இது ஒரு விஷயமே இல்ல. சில டிவி மட்டும் வெளியிலேருந்து வர்ற 5.1ஐ ஸ்டீரியோவா இறக்கி அனுப்பும், செட்டிங்ல டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்ட ஆட்டோ இல்லாட்டி பாஸ்துரூன்னு வச்சு பாருங்க.

ஜாலான்பாசார்_அண்ணன்:

குளுகோர் தம்பி சொன்னது சரிதான், ஆனா சிஇசிய ரொம்ப நம்பாதீங்க. நான் புடு ஜாலான் பாசார் பக்கம் ரிப்பேர் வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன், வர்ற கம்ப்ளைண்ட்ல "அதுவா ஆன் ஆகுது அதுவா ஆஃப் ஆகுது பேய் பிடிச்ச மாதிரி இருக்கு"ன்னு வந்தா பாதிக்கு மேல சிஇசிதான். ஒரு கம்பெனி டிவியும் அதே கம்பெனி சவுண்ட்பாரும்னா அழகா இருக்கும். மூணு கம்பெனி கலந்தா ஸ்டிக் எழுந்து டிவிய இழுத்துக்கிட்டு போயிடும், அம்மா நாடகம் பாத்துக்கிட்டு இருக்கும்போது ஸ்டிக் அப்டேட் ஆகி ஸ்கிரீன பிடிச்சுக்கிச்சுன்னா என்ன பண்ணுவீங்க. அதனால டிவி, ரிசீவர் ரெண்டுக்கும் மட்டும் சிஇசி ஆன், ஸ்டிக்ல சிஇசிய அணைச்சுடுங்க. ஸ்டிக்கோட செட்டிங்ல டிஸ்ப்ளே பக்கத்துல அந்த ஸ்விட்ச் இருக்கும்.

இப்ப உங்க ரெண்டாவது கோளாறு, 211 அடிச்சா 21. இது எனக்கு ரொம்ப பிடிச்ச கோளாறு. பட்டன் கெட்டுப்போகல, ரிமோட்டும் கெட்டுப்போகல. ஐஆர்ல ஆளுக்கு ஒரு பாஷை இருக்கு. ஜப்பான் சாமான் நிறைய என்ஈசி பாஷை பேசும், 38 கிலோஹெர்ட்ஸ்ல துடிக்கும், சோனிக்கு தனி பாஷை, 40. பிலிப்ஸ் கண்டுபிடிச்ச ஆர்சி5ன்னு ஒன்னு இருக்கு, 36ல ஓடும், ஐரோப்பா வழி வந்த டிகோடர் பெட்டிங்க பல அதையோ அதோட தம்பி ஆர்சி6ஐயோ பேசும். அதுல ஒவ்வொரு தடவ பட்டன அழுத்தும்போதும் 14 பிட் போகும், அதுல மூணாவது பிட்டுக்கு டாகிள் பிட்னு பேரு. ஒரு தடவ அழுத்துனா 0, கைய எடுத்துட்டு மறுபடி அழுத்துனா 1, மறுபடி 0. ஏன்னா பட்டன அழுத்தியே வச்சிருக்கீங்களா, விட்டுட்டு திரும்ப அழுத்துறீங்களான்னு பெட்டிக்கு தெரியணும்ல, அதுக்குத்தான்.

உங்க லேர்னிங் ரிமோட் என்ன பண்ணுதுன்னா கத்துக் குடுக்கும்போது கேட்ட 1ஐ அப்படியே போட்டோ காப்பி எடுத்து வச்சிருக்கு. டாகிள் பிட்டும் சேந்து உறைஞ்சு போச்சு. நீங்க 1, 1ன்னு அடிச்சா பெட்டி "ஓ, இன்னும் விரல எடுக்கல"ன்னு நெனச்சு ரெண்டாவத விட்டுடும். நடுவுல வேற நம்பர் வந்தா ஒழுங்கா எடுக்கும், 212 அடிச்சு பாருங்க, வரும். இதுக்கு தீர்வு, கத்துக் குடுக்காதீங்க. உள்ளேயே கோடு இருக்கிற ரிமோட்ல டிகோடர் மாடல தேடி அந்த செட்ட போடுங்க, அது டாகிள் பிட்ட தானே உருவாக்கி அனுப்பும். வேற வழி இல்லாட்டி, ரெண்டாவது 1ஐ கொஞ்சம் நேரம் கழிச்சு அடிக்கலாம், ஆனா அதுக்குள்ள பெட்டி 21க்கு போயிடும், அம்மாவுக்கு இது ஒத்து வராது.

மூணாவது, ஸ்டிக். அது ஐஆரே இல்ல. ஃபயர் டிவி ஸ்டிக் மாதிரி சாமானுக்கெல்லாம் ரிமோட் புளூடூத்ல பேசும், ஸ்டிக் டிவிக்கு பின்னாடி ஒளிஞ்சு கிடக்குறதுக்கு ஐஆர் கண்ணு வச்சு என்ன புண்ணியம். லேர்னிங் ரிமோட் எவ்வளவு விலையா இருந்தாலும் புளூடூத்த கத்துக்காது. ஆப்பிள் டிவி பெட்டில மட்டும் ஐஆர் கண்ணும் இருக்கு, செட்டிங்ல போனா எந்த ரிமோட்டையும் அது கத்துக்கும், உல்டா வழி. ஆனா ஸ்டிக்க அம்மா தொடுறாங்களா? இல்லேன்னா அத லிஸ்ட்லேருந்து எடுத்துடுங்க, வேல பாதி முடிஞ்சுது.

இன்னொன்னு சொல்லிடறேன், சும்மா தெரிஞ்சுக்கங்க. இந்த கத்துக்கிற ரிமோட் ஐடியா பழசு, 1987லயே ஸ்டீவ் வோஸ்னியாக், ஆமா ஆப்பிள் ஆளுதான், சிஎல் 9ன்னு கம்பெனி வச்சு கோர்னு ஒரு ரிமோட் வித்தாரு. இத்தன வருஷம் ஆகியும் டிவி ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு ஐஆர் ரிமோட்டுக்கு தெரியாது.

கெப்போங்_அக்கா:

அண்ணனுங்க எல்லாம் பிட்டு பைட்டுன்னு பேசிக்கிட்டு இருக்கீங்க, எழுபது வயசு அம்மாவுக்கு 50 பட்டன் இருக்கிற யுனிவர்சல் ரிமோட்ட கையில குடுத்தா என்ன ஆகும்னு யாராச்சும் யோசிச்சீங்களா? எங்க மாமியார் கதைய கேளுங்க. என் வீட்டுக்காரரு ஆசையா டச் ஸ்கிரீன் வச்ச ரிமோட் வாங்கிக் குடுத்தாரு, பட்டன் கையில தட்டுப்படவே தட்டுப்படாது, கண்ணாடி போடாம டிவி பாக்குறவங்களுக்கு அது எதுக்கு. ஒரு வாரம்கூட தாங்கல, சோபா அடியில போட்டுட்டு பழைய ரிமோட்டையே எடுத்துக்கிட்டாங்க.

அவங்களுக்கு பழகுன ரிமோட் டிகோடரோடதுதானே தம்பி? அதையே வச்சுக்கட்டும். டிகோடர் ரிமோட் நிறையதுல டிவி பவரும் வால்யூமும் செட் பண்ண வசதி உண்டு, மேனுவல் புக்கு பின்னாடி டிவி கோடு லிஸ்டே இருக்கும். அத ஒரு தடவ செட் பண்ணிட்டா அதே ரிமோட்ல டிவிய ஆன் பண்ணலாம், வால்யூம் ஏத்தலாம், குளுகோர் தம்பி சொன்ன ஏஆர்சி இருந்தா அந்த வால்யூம் ரிசீவருக்கே போயிடும். புது ரிமோட் பழக வேணாம், செலவு சுழியம்.

எங்க மாமியார் ரிமோட்ல தேவையில்லாத பட்டன் மேல கறுப்பு டேப்பு ஒட்டிட்டேன், பச்ச நெயில் பாலிஷ் ஒரு பொட்டு பவர்ல, சிவப்பு ஒரு பொட்டு பேக் பட்டன்ல. சிரிக்காதீங்க, எங்க வீட்டுல ஃபோன் வர்றது நின்னுபோச்சு. சோர்ஸ் பட்டன முதல்ல மூடுங்க, எல்லா கூத்துக்கும் அதுதான் காரணம்.

செந்தூல்வாசி:

அக்கா, ஜாலான் பாசார் அண்ணே, குளுகோர் பாஸ், மூணு பேருக்கும் பெரிய நன்றி. அண்ணே நீங்க சொன்ன மாதிரி 212 அடிச்சு பாத்தேன், கரெக்டா போகுது! அப்ப டாகிள் பிட்டேதான். எத்தன நாளா அந்த 1 பட்டன மட்டும் போட்டு அமுக்கு அமுக்குன்னு அமுக்கியிருக்கேன்.

ஏஆர்சி ஓட்டை டிவில இருக்கு, ரிசீவர்லயும் இருக்கு, சனிக்கிழம லீவு, அன்னைக்கு வயர் மாத்துறேன். ரெண்டு சந்தேகம். ரிசீவரும் டிகோடரும் டிவி கேபினெட்டுக்குள்ள இருக்கு, முன்னாடி கறுப்பு கண்ணாடிக் கதவு, ஒரு பக்கம் பலகை. டிகோடர் பலகை பக்கம்தான், கதவ திறந்து வச்சாதான் ரிமோட் எடுக்குது, இதுக்கு என்ன வழி? இன்னொன்னு, பழைய சாமான் விக்கிற முடா, கெரோசல் சைட்டுல லாஜிடெக் கம்பெனியோட பழைய ஹார்மனி யுனிவர்சல் ரிமோட் விக்கிறாங்க, பாத்தா அழகா இருக்கு, நெட்ல எல்லாம் அதத்தான் பெருமையா பேசுறாங்க, என் பட்ஜெட்டுக்குள்ளயே வருது. எடுக்கலாமா?

பத்துலஞ்சாங்_பையன்:

ஹார்மனி பத்தி நான் சொல்றேன் ப்ரோ, பினாங்குல என் வீட்டுல இன்னும் ஒன்னு ஓடுது. நல்ல ரிமோட், அதுல சந்தேகமே இல்ல, "டிவி பாக்க"ன்னு ஒரு பட்டன், அத அழுத்துனா எதெது எந்த நிலையில இருக்குன்னு அதுவே கணக்கு வச்சிருக்கும், கணக்கு தப்பிப் போச்சுன்னா ஹெல்ப் பட்டன் அழுத்துனா "டிவி ஆன்ல இருக்கா?"ன்னு ஸ்கிரீன்லயே கேட்டு சரி பண்ணும். குளுகோர் அண்ணன் சொன்ன கண்ணு தெரியாத பிரச்சினைக்கு அது போட்ட தீர்வு இதுதான், கண்ணு இல்லாட்டியும் ஞாபகம் வச்சுக்கிறது.

ஆனா லாஜிடெக் 2021 ஏப்ரல்ல ஹார்மனிய நிறுத்திட்டாங்க, இனி புதுசு வராது. ஏற்கனவே வாங்குனவங்களுக்கு சர்வீஸ் குடுப்போம்னு சொன்னாங்க, அது ஓடிக்கிட்டுதான் இருக்கு, ஆனா ஒரு டிவிய மாத்துனாகூட அவங்க சர்வர் வழியாத்தான் செட் பண்ணணும். சர்வர் ஒரு நாள் நின்னா அன்னைக்கு என்ன செட்டிங் இருக்கோ அதோட கல்யாணம்தான். அதுக்கு மேல செகண்ட் ஹேண்ட்ல பேட்டரி செத்திருக்கும், ரப்பர் பட்டன் பிசுபிசுன்னு ஆகியிருக்கும். நீங்களே தோண்டி தோண்டி செட் பண்ற ஆளுன்னா எடுங்க, அம்மாவுக்குன்னா வேணாம். ஹார்மனி போன எடத்துக்கு இப்ப சோஃபாபேட்டன்னு ஒரு பிராண்டு ஓடுது, ஃபோன் ஆப்ல கோடு தேடி ஏத்தலாம், ஐஆரோட புளூடூத்தும் அனுப்பும். வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஸ்டிக்கும் டிகோடரும் அவங்க லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துக்கங்க, கொரியர் வந்தப்புறம் பாக்காதீங்க.

ஜாலான்பாசார்_அண்ணன்:

கேபினெட்டுக்கு வழி சுலபம். கறுப்பு கண்ணாடி பெரும்பாலும் பிரச்சினை பண்ணாது, நம்ம கண்ணுக்கு கறுப்பா தெரிஞ்சாலும் ஐஆர் வெளிச்சம் 940 நானோமீட்டர் பக்கம், அது உள்ள புகுந்து போயிடும், ரிமோட் மூக்குல இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக்கும் அந்த மாதிரிதான். பலகைதான் எதிரி. ஐஆர் ரிப்பீட்டர்னு ஒரு சின்ன செட் விக்கிறாங்க, ஒரு கண்ணு வெளிய டிவி அடியில ஒட்டணும், உள்ள போற வயர் நுனியில குட்டி எல்இடி இருக்கும், அத டிகோடரோட சென்சர் ஜன்னல் மேலயே ஒட்டிடணும். கரண்டு யூஎஸ்பிலேருந்து, டிவி பின்னாடி இருக்கிற யூஎஸ்பி போதும். ஆனா டிவி அணைஞ்சா சில டிவில யூஎஸ்பியும் அணைஞ்சு போயிடும், ஒரு பழைய ஃபோன் சார்ஜர்ல போட்டுடுங்க. எந்த எடத்துல சென்சர் ஜன்னல் இருக்குன்னு தெரியாட்டி டார்ச் லைட்ட சாய்ச்சு அடிச்சு பாருங்க, கறுப்புக்குள்ள ஒரு சின்ன உருண்டை தெரியும்.

அத வாங்கறதுக்கு முன்னாடி ரிமோட்டே ஒழுங்கா எரியுதான்னு பாருங்க, செலவில்லாத டெஸ்ட். ஃபோன் கேமராவ ஆன் பண்ணி ரிமோட் மூக்க அதுக்கு நேரா காட்டி பட்டன அழுத்துனா ஊதா கலர்ல மினுக்கும். பின்னாடி கேமரால தெரியலேன்னா செல்ஃபி கேமரால பாருங்க, நிறைய ஃபோன்ல பின்னாடி கேமராவுக்கு ஐஆர் ஃபில்டர் பலமா இருக்கும். மங்கலா மினுக்குனா பேட்டரிய மாத்துங்க. ரீசார்ஜபிள் பேட்டரி 1.2 வோல்ட்டுதான், சாதா பேட்டரி 1.5, சில ரிமோட்டுக்கு அந்த கொஞ்சம் குறைஞ்சாலே தூரம் எட்டாது.

பாகான்டாலாம்_தம்பி:

நடுவுல புகுந்ததுக்கு மன்னிச்சுக்கங்க, எங்க வீட்டு ஏர்கான் ரிமோட் தண்ணில விழுந்து போச்சு, இதே லேர்னிங் ரிமோட்ல ஏர்கானையும் சேத்து கத்துக் குடுக்கலாமா? தங்கச்சி வீட்டுல அதே மாடல் ஏர்கான் இருக்கு, அவ ரிமோட்ட கேட்டு வாங்கி கத்துக் குடுக்கலாம்னு பாக்குறேன்.

ஜாலான்பாசார்_அண்ணன்:

முடியும், முடியாது ரெண்டும்தான் தம்பி. டிவி ரிமோட் "வால்யூம் ஏத்து"ன்னு ஒரு வார்த்தை மட்டும் அனுப்பும். ஏர்கான் ரிமோட் அப்படி இல்ல, நீ டெம்பரேச்சர ஒன்னு குறைச்சாகூட கூல் மோடு, 24 டிகிரி, ஃபேன் நடுத்தரம், ஸ்விங் ஆன், டைமர் இல்லன்னு மொத்த நிலவரத்தையும் ஒவ்வொரு தடவையும் முழுசா அனுப்பும், அதனாலதான் அந்த ரிமோட்ல மட்டும் ஸ்கிரீன் இருக்கு. அப்ப நீ கத்துக் குடுக்குற பட்டன் "ஒன்னு குறை" இல்ல, "24, கூல், நடுத்தரம்"னு ஒரு நிலவரம். எத்தன தடவ அழுத்துனாலும் 24தான். உனக்கு ஆஃப் ஒன்னு, 24ல ஆன் ஒன்னு போதும்னா ரெண்டு பட்டன் கத்துக் குடு. அதுலயும் அந்த மெசேஜ் ரொம்ப நீளம், மலிவு லேர்னிங் ரிமோட்டுங்க பாதியிலயே மெமரி முடிஞ்சு விட்டுடும். அதவிட ஏர்கானுக்குன்னே விக்கிற யுனிவர்சல் ரிமோட் வாங்கிடு, அதுக்குள்ள பிராண்டு வாரியா கோடு இருக்கும், விலையும் கம்மி.

குளுகோர்_சவுண்டு:

ஐஆர் இருக்கிற ஷாவ்மி ஃபோன் யார்கிட்டயாச்சும் இருந்தா அதுலயே ஏர்கான் ரிமோட் ஆப் இருக்கு, ரிமோட் வாங்குற வரைக்கும் அத வச்சு ஓட்டு தம்பி. ஃபோன்லேருந்து வைஃபைல சொன்னா ஐஆர் சிக்னல அடிக்கிற வைஃபை பிளாஸ்டர் பெட்டி, பிராட்லிங்க் மாதிரி, அதுவும் ஒரு வழி, ஆனா பாதி பேரு செட் பண்ண முடியலன்னு வருவாங்க, காரணம் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல மட்டும்தான் அது ஏறும், 5ல ஏறாது.

செந்தூல், வயர் மாத்துனீங்களா? என்ன ஆச்சு?

செந்தூல்வாசி:

மாத்தியாச்சு பாஸ். டிகோடர் டிவி எச்டிஎம்ஐ 1, ஸ்டிக் எச்டிஎம்ஐ 3, ரிசீவர் ஏஆர்சில, டிவிடிக்கு பழைய மூணு கலர் வயர் சொருகுற ஓட்டை டிவில அடாப்டரோட இருந்துச்சு. சிஇசி மெனு கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆச்சு, ரிசீவர்ல அது "சிஸ்டம்"ன்ற பக்கத்துக்குள்ள ஒளிஞ்சு கிடந்துச்சு. இப்ப டிவி ஆன் பண்ணா ரிசீவர் தானா எழுந்திரிக்குது, வால்யூமும் போகுது. ஸ்டிக்ல சிஇசிய அணைச்சுட்டேன். அக்கா சொன்ன மாதிரி டிகோடர் ரிமோட்ல டிவி கோடு போட்டேன், பவரும் வால்யூமும் எடுக்குது. கறுப்பு டேப்பும் ஒட்டியாச்சு, அம்மா பாத்துட்டு "என்னடா ரிமோட்டுக்கு காயமா"ன்னு கேட்டாங்க.

மிச்சம் ஒன்னே ஒன்னு. நான் ராத்திரி ஸ்டிக்ல படம் பாத்துட்டு படுத்துட்டா மறுநாள் அம்மா டிவிய ஆன் பண்ணும்போது எச்டிஎம்ஐ 3லயே நிக்குது. அப்ப மறுபடி ஃபோன் வருது. டிகோடர எப்பவும் ஆன்லயே விட்டுடலாமா, அது உதவுமா? கரண்டு பில்லு ஏறிடுமா?

கெப்போங்_அக்கா:

டிகோடர ஆன்ல விட்டா இந்த பிரச்சினை தீராது தம்பி, டிவி தானே தப்பான எடத்துல நிக்குது. டிவி செட்டிங்ல "பவர் ஆன் இன்புட்" மாதிரி ஒன்னு இருக்கான்னு பாருங்க, சில டிவில எப்ப ஆன் பண்ணாலும் இந்த எச்டிஎம்ஐதான்னு பூட்டி வைக்கலாம். இல்லேன்னா ராத்திரி படுக்கும்போது நீங்களே எச்டிஎம்ஐ 1க்கு மாத்திட்டு படுங்க, எங்க வீட்டுக்காரருக்கு அதத்தான் பழக்கியிருக்கேன்.

குளுகோர்_சவுண்டு:

அந்த செட்டிங் டிவில இல்லேன்னா டிகோடர்ல சிஇசி இருக்கான்னு பாருங்க. இருந்தா டிகோடர் ஸ்டாண்ட்பைலேருந்து எழும்போது அதுவே டிவிய எழுப்பி தன் பக்கம் இழுத்துக்கும். அப்ப அம்மா டிவி பவர தொடவே வேணாம், டிகோடர் பவர் ஒன்னு போதும். இதுக்கு டிகோடர எப்பவும் ஆன்ல விடக்கூடாது, அம்மா பாத்து முடிச்சா ஸ்டாண்ட்பைல போகணும், இல்லாட்டி எழுந்திரிக்கிற சிக்னலே போகாது. கரண்டு பத்தி கேட்டீங்க, டிகோடர் ஆன்ல 15 வாட்ஸ்னு வச்சா 24 மணி நேரமும் ஓடுனா மாசத்துக்கு ஏறக்குறைய 11 யூனிட், பெரிய காசு இல்ல, ஆனா தேவையும் இல்ல.

டிகோடர்லயும் சிஇசி இல்லேன்னாதான் ரிமோட் வாங்குற பேச்சே வரணும். அப்பவும் ஒரே காரணத்துக்கு, நேரா எச்டிஎம்ஐ 1ன்னு அடிக்கிற டிஸ்கிரீட் கோடு வேணும்னு. வாங்குறதுக்கு முன்னாடி உங்க டிவி மாடலுக்கு அந்த கோடு லைப்ரரில இருக்கான்னு ஆப்லயே தேடிப் பாருங்க.

செந்தூல்வாசி:

இப்பதான் பாத்தேன் பாஸ், டிகோடர் மெனுவுல எச்டிஎம்ஐ கண்ட்ரோல்னு இருக்கு, ஆஃப்ல இருந்துச்சு. ஆன் பண்ணி ஸ்டிக்ல ஒரு படத்த ஓட விட்டுட்டு, டிவிய அணைச்சுட்டு, டிகோடர் பவர மட்டும் அழுத்துனேன். டிவி எழுந்து நேரா எச்டிஎம்ஐ 1க்கு வந்துருச்சு, சத்தமும் ரிசீவர்ல. நாளைக்கு ஷிஃப்டு இருக்கு, ஃபோன் வருதான்னு பாத்துட்டு சொல்றேன். அண்ணே, ஐஆர் ரிப்பீட்டர் ஜாலான் பாசார்ல எந்தப் பக்கம் கிடைக்கும், இல்ல ஷாப்பி ஆப்ல ஆர்டர் போட்டுடவா?

ஜாலான்பாசார்_அண்ணன்:

ஷாப்பிலயே போடுங்க, கடையில வாங்குனாலும் அதே சாமான்தான். சென்சர் வயரு நீளம் பாத்து வாங்குங்க, சிலது ரொம்ப கட்டை, கேபினெட் சுத்தி வராது. பார்க்கிங் காசு மிச்சம்.